இரண்டு பூட்டுக்குள் ஒரு மாத்திரை

திண்டுக்கல், மேட்டுப்பட்டி
22.8.1999

அன்புத் தங்கச்சி நாகஜோதிக்கு,

உன் அக்கா லூர்தம்மாள் ஆசையோடு எழுதுவது. வழக்கம்போல நலம், உன் நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நம் இரண்டு பேருக்கும் அது ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். சேசுவின் இரக்கத்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதைக்கு அதுதான் என் நலம்.

மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காக அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். கரண்ட் வைக்கக் கூப்பிட்டால் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு போவோம். அங்கிருந்து பிரிந்த பிறகு உன்னை நான் பார்க்கவே இல்லை. நிலக்கோட்டை ஒரு மணி நேர பஸ்தான். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு அது வேறு தேசம் மாதிரி ஆகிவிடுகிறது.

உன்னைப் பற்றிய சேதி எல்லாம் என் வீட்டுக்காரர் வழியாகத்தான் வருகிறது. கண்ணுசாமித் தம்பி காலையில் மல்லிகைக் கூடையை அவர் கண்டக்டராகப் போகிற பஸ்ஸில்தானே ஏற்றுகிறார். தினம் விசாரிப்பாராம். "இருக்காண்ணே" என்று ஒரே வார்த்தையில் தம்பி முடித்துவிடுவாராம். போன வாரம் மட்டும் கூடையை ஏற்றிவிட்டு இறங்காமல் நின்று, "ராத்திரி பூரா அனத்துறாண்ணே. பக்கத்து வீட்டுல ஜன்னலச் சாத்திக்கிறாக" என்று சொன்னாராம். இவர் உடனே நான் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு முகம் மாறிவிட்டதாம். "அது அபின் மாத்திரையாம்ல. அதுக்கு எம் பொண்டாட்டியப் பழக்கிவிட மாட்டேன்" என்று இறங்கிப் போய்விட்டாராம். மறுநாள் கூடையை வேறு பஸ்ஸில் ஏற்றினாராம்.

இவர் வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார். நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். இதைத் தம்பிதான் உனக்கு வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். அதனால் இது உனக்கும் அவருக்குமான கடிதம். தம்பி, ஒரு வரியையும் விடாமல் வாசியுங்கள்.

ஈஸ்டர் முடிந்து எனக்கு இடுப்பு எலும்பில் வலி பிடித்தது. நோய் அங்கே இறங்கிவிட்டது என்றார்கள். மதுரைக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி கரண்ட் வேண்டாம் என்றார். வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மார்பின் என்று ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள் என்றார். கிடைத்தால் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. டாக்டர் எழுதிய மருந்து கடையில் கிடைக்காமல் எங்கே போகும் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லை. திண்டுக்கல்லில் இவர் ஏறாத மருந்துக்கடை இல்லை. ஒரு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார்களாம். இன்னொரு கடையில் போலீசைக் கூப்பிடவா என்று கேட்டார்களாம். இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்து யாரிடமும் ஒரு பேச்சு வாங்காத மனிதர். கடைசியில் பேகம்பூரில் சௌகத் அலி என்று ஒருவர், கல்லாவை விட்டு வெளியே வந்து இவரை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொல்லியிருக்கிறார். "அண்ணே, இந்தச் சீட்ட இனி எந்தக் கடையிலயும் காட்டாதீக. வேற மாதிரி நெனைப்பாக. எங்ககிட்ட இந்த மருந்த வைக்கவே கூடாது, அதுக்குத் தனி லைசென்ஸ் வேணும்." சிஸ்டர்கள் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரியில் அந்த லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருப்பதாகக் கேள்வி, அங்கே விசாரியுங்கள் என்று வழியும் சொல்லிவிட்டிருக்கிறார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் இஞ்ஞாசியம்மாள் சிஸ்டர். சேதி உண்மைதான். எழுதிப் போட்டு ஒரு வருஷமாகிவிட்டதாம். வாங்கி வைக்க ஒரு அனுமதி, வெளி மாநிலத்துக் கம்பெனியிலிருந்து கொண்டுவர இன்னொரு அனுமதி. இரண்டாவது வருவதற்குள் முதலாவதின் தேதி முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. மருந்து சட்டப்படி கொடுக்கிற மருந்துதான் நாகஜோதி, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கையில் கொடுக்க அந்தச் சட்டத்துக்கே பயம்.

அதற்குள் என் நிலைமையைச் சொல்ல வேண்டாம், உனக்கே தெரியும். படுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. துணி மேலே பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி. அறிவுச்செல்வி என்னைத் தொடவே பயந்துபோய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெற்ற பிள்ளை நம்மைத் தொடப் பயப்படுவது நோயைவிடக் கொடுமை. செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் மறந்துபோகும். கடவுளே நினைவுக்கு வரமாட்டார், வலி மட்டும்தான் நினைவில் நிற்கும்.

இவர் லீவு கிடைத்த நாளெல்லாம், அந்த அனுமதி கொடுக்கிற கலால் ஆபீசுக்கு நடந்தார். அங்கே ஒருவர், மருந்து உன் பொண்டாட்டிக்கா, உனக்கா என்று கேட்டாராம். அதை இவர் என்னிடம் சொல்லவில்லை. அறிவுச்செல்வியிடம் சொல்லிக் கண் கலங்கியதை நான் உள்ளே படுத்துக்கொண்டே கேட்டேன். மறுநாள், என்னைக் கூட்டிப் போங்கள் என்றேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் உயிர் போய்த் திரும்பியது. ஆபீஸில் போய் என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். போனதும் எல்லாம் மறந்துவிட்டது. உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியாது, படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பெஞ்சில் இருந்த ஆட்கள் எழுந்து இடம் விட்டார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், சர்க்கார் ஆபீஸ் பெஞ்சில், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டேன். வெட்கத்துக்குக்கூட என்னிடம் தெம்பு இல்லை.

செத்த நேரத்தில் அதிகாரியே அறையை விட்டு வெளியே வந்தார். பொன்னழகு என்று பெயர். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எத்தனை நாளாக என்றார். அதையும் சொன்னேன். "ஒங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எனக்கு என்னம்மா இருக்கு. ஒரு மாத்திரை கணக்குல கொறஞ்சா என்னையத்தான் பிடிப்பாக. முன்னாடி இருந்தவரு அப்பிடித்தான் போனாரு" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. பயந்த முகம். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் பயம், எனக்கும் பயம், யாரைப் போய் என்ன சொல்வது.

ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் அவரே சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து அலமாரியைப் பார்த்தாராம். இரண்டு பூட்டு இருக்க வேண்டும், இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்றாராம். பூட்டைத் தானே இழுத்து இழுத்துப் பார்த்தாராம். பிறகு இரண்டு அனுமதியும் ஒன்றாகவே வந்தன.

முதல் மாத்திரையை மத்தியானம் சாப்பிட்டேன். மருந்து கொடுக்கிற மரியசெல்வம் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். தூங்கிவிட்டேன். எழுந்தபோது கோயிலில் சாயங்கால மணி அடித்துக்கொண்டிருந்தது. படுத்தபடியே எங்கே வலிக்கிறது என்று தேடினேன். உள்ளே எங்கேயோ இருந்தது, ஆனால் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. பசித்தது. சோறு இருக்கிறதா, என்ன வெஞ்சனம் என்று கேட்டேன். அறிவுச்செல்வி அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அன்றைக்குச் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கண்ணுசாமித் தம்பி, இனி உங்களுக்கு. முதல் இரண்டு நாள் தலை சுற்றும், குமட்டும். மலம் இறுகும், அதற்கும் மருந்து கொடுப்பார்கள். நான் மயங்கிக் கிடக்கவில்லை. கூடுதலாக ஒன்று கொடு என்று யாரிடமும் கேட்கவில்லை. மகளைத் திட்டுகிறேன், பால்காரரிடம் கணக்குப் பார்க்கிறேன், உங்களுக்கு இவ்வளவு பெரிய கடிதம் எழுதுகிறேன். பழக்கம் பற்றிப் பயப்படுகிறீர்கள். எனக்கும் நாகஜோதிக்கும் இனி எந்தப் பழக்கம் வந்து என்ன கெடுத்துவிடப் போகிறது? சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது இருக்கிற நாளில் இருப்பதற்கான மாத்திரையாக இருக்கிறது. அதைக் கொடுப்பதால் நீங்கள் அவளைக் கைவிட்டதாக ஆகாது தம்பி. உங்கள் மனதில் அதுதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சீட்டை மட்டும் காட்டினால் கொடுக்க மாட்டார்கள். டாக்டர் ஆளைப் பார்க்க வேண்டும். புதன்கிழமைதான் அதற்கான நாள். எப்படியாவது கூட்டி வாருங்கள். நான் கேட்கிறேன்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும் அக்கா,
லூர்தம்மாள்


திண்டுக்கல், மேட்டுப்பட்டி
26.9.1999

கண்ணான தங்கச்சிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல அறிவுச்செல்வி எழுதுகிறாள். எனக்கு ஒன்றும் இல்லை, கைதான் சோம்பல் படுகிறது. இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ வந்த அந்தப் புதன்கிழமையை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். திண்டுக்கல்லுக்குப் பூ கொண்டுவருகிற வேனில் சாக்கை விரித்து, அதன் மேல் மெத்தை போட்டு, உன்னை ஒரு பூக்கூடை மாதிரி தம்பி இறக்கினார். வேன் முழுக்க மல்லிகை வாசம். உன் முகம் பாதியாகிப் போயிருந்தது. என்னைப் பார்த்து, "என்னக்கா, நாந்தேன் மெலிஞ்சிட்டேன்னு பாத்தா நீ எனக்கு மேல இருக்க" என்றாய். அந்த நிலைமையிலும் போட்டி போடுகிறாளே என்று நான் சிரித்துவிட்டேன்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிஸ்டர் உன்னை உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையில் என் கடிதம் இருந்தது, மடித்து மடித்துக் கிழியப் போகிற மாதிரி. அதை உனக்கு ஒரே நாளில் வாசிக்க முடியவில்லையாம், பாதியில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாராம். "அக்கா, நீங்க எழுதுனது நெசந்தேன். மாத்திரை வாங்கிட்டா அவளை நானே அனுப்பி வைக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார். நாகஜோதி, உன் வீட்டுக்காரர் கல்நெஞ்சு என்று மதுரையில் வைத்து நீ ஒரு தடவை சொன்னாய். அதைத் திருத்திக்கொள்.

இப்போது தூங்குகிறாயா? முதுகைத் திருப்ப முடிகிறதா? தயிர் சோறு கேட்டுச் சாப்பிட்டாய் என்று இவர் வந்து சொன்னபோது எனக்கு வயிறு நிறைந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடு. வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடிக்காதே. காலி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே, மரியசெல்வத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அவர் கணக்குக் காட்ட வேண்டும்.

புதுச் சரக்கு வருவதற்குக் கொஞ்சம் தாமதம் என்கிறார்கள். கொண்டுவருகிற அனுமதி இன்னும் கையெழுத்தாகவில்லையாம். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்கு வேண்டியது இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. இவர் என்னிடம் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை, அது எங்களுக்குள் ஒரு சின்ன விஷயம். பஸ்ஸில் இவர் தம்பியிடம் ஏதாவது உளறினால் காதில் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

அறிவுச்செல்வி கை வலிக்கிறது என்கிறாள். அவளுக்குக் கை வலிக்கவில்லை, எனக்குத் தெரியும். இத்துடன் முடிக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக்கொள்ளட்டும்.

அக்கா


திண்டுக்கல், மேட்டுப்பட்டி
21.11.1999

என் நாகஜோதிக்கு,

இதை நானே எழுதுகிறேன், பார். எழுத்து என்னுடையதுதான், நடுக்கம் மட்டும் புதுசு.

உன் கடிதம் கிடைத்தது. தம்பியை எழுதச் சொல்லி இவ்வளவு திட்டு திட்டியிருக்கிறாய். தம்பியும் ஒரு வார்த்தையைக் குறைக்காமல் எழுதியிருக்கிறார். இப்படித் திட்டுவதற்கு உனக்குத் தெம்பு வந்திருக்கிறதே என்று அதை இரண்டு முறை படித்தேன்.

இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, பஸ்ஸில் வைத்துத் தம்பியிடம் சொல்லிவிட்டார். இனி மறைத்து என்ன. நடந்தது இதுதான். அன்றைக்கு உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்த சிஸ்டர், இப்போது ஆரம்பிக்க முடியாது, சரக்கு வரட்டும் என்றார். அலமாரியில் இருப்பது ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கே பத்தாது, உனக்கு ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினால் அது பெரிய பாவம் என்றார். நியாயம்தான். ஆனால் தம்பி அந்தச் சுவரோரம் நின்ற நிலையை நீ பார்க்கவில்லை. இவ்வளவு நாள் வேண்டாம் என்று இருந்துவிட்டு, வேண்டும் என்று வந்த அன்றைக்கு இல்லை என்கிறார்கள். இப்போது திரும்பிப் போனால் மறுபடி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

நான் சிஸ்டரின் அறைக்குள் போய் உட்கார்ந்து, என்னுடையதில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிஸ்டர் மறுத்தார். "ஒன் வலிய நான் அவளுக்கு எழுதிக் குடுக்க முடியாது லூர்து" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு மரியசெல்வத்தைக் கூப்பிட்டு இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். சரக்கு வரும்வரை எனக்குப் பகலில் வேறு லேசான மாத்திரை, இரவுக்கு மட்டும் இது. எல்லாம் சிஸ்டர் சீட்டில் எழுதி, முறையாகத்தான் நடந்தது. என் மாத்திரையை யாரும் உனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆகவே நீ எனக்குக் கடன்படவும் இல்லை.

பகல் கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் முன்னைப்போல் இல்லை நாகஜோதி. முன்னே வலிக்கும்போது அது எப்போது முடியும் என்று தெரியாது. இப்போது இரவு வரும், மாத்திரை வரும் என்று தெரியும். இன்னொன்று, அந்த நேரத்தில் நீ நிலக்கோட்டையில் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நினைப்பேன். அதை நினைக்க நினைக்க மனசுக்கு இதமாக இருந்தது. மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் சரக்கு வந்துவிட்டது. கையெழுத்து தாமதமானதற்குப் பொன்னழகு ஐயா மாற்றலாகிப் போக இருந்ததுதான் காரணமாம். புதிதாக வருகிறவர் கையெழுத்துப் போடுவார் என்று கீழே இருப்பவர்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இவர் போய் அவரைப் பார்த்திருக்கிறார். அந்த பெஞ்சில் படுத்த அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாராம். நிலைமையைச் சொன்னதும், கிளம்புகிற நாளில் சாமான் கட்டிய அறையில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம். ஒரு கோடைக்காலம் முழுக்க என்னைத் துடிக்க வைத்த மேசை அது. இருந்தாலும் என் செபத்தில் இப்போது அவர் பெயரும் வருகிறது. சௌகத் அலி பெயரும் வருகிறது. அவர்கள் யாரிடம் வேண்டிக்கொள்கிறவர்களோ, நான் என்னுடையவரிடம் சொல்லி வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் இப்போது சேர்ந்து ஒரு வேலை பார்க்கிறார்கள், தெரியுமா? சித்தையன்கோட்டையில் ஒரு அம்மாவுக்கு நம்மை மாதிரியே. அவர்கள் வீட்டுக்காரர் மாத்திரைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். தம்பியே போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "நானும் இப்பிடித்தேன் சொல்லிட்டு இருந்தேன்" என்று ஆரம்பித்தாராம். அடுத்த புதன்கிழமை அந்த அம்மா பூ வேனில் வருகிறார்கள். இதை நினைத்தால் நாம் இரண்டு பேரும் வீணாகப் படுத்துக் கிடக்கவில்லை என்று தோன்றுகிறது.

எனக்கு இப்போது மறுபடி முழு அளவு. சிஸ்டர் கொஞ்சம் கூட்டியும் கொடுத்திருக்கிறார். நேற்று அறிவுச்செல்வி என் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துச் சீவிவிட்டாள். தொடப் பயப்படவில்லை. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இவர் வேலையிலிருந்து வந்து, பஸ்ஸில் நடந்த சண்டையை எல்லாம் சொல்கிறார். நான் ம் கொட்டிக்கொண்டே கேட்கிறேன். பாதியில் தூங்கிவிடுகிறேன். அவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது.

தூக்கம் இப்போது கூடிக்கொண்டே வருகிறது. பேனாவைப் பிடித்தபடியே கண் செருகுகிறது. அதனால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன், நன்றாகக் கேள். இனி என்னிடமிருந்து கடிதம் வர நாளானால், அக்கா வலியில் கிடக்கிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு வலி இல்லை. எது நடந்தாலும் இதை நீ நம்ப வேண்டும். தம்பி, இந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை அவளுக்கு வாசியுங்கள்.

நேரத்துக்கு மாத்திரை போடு. தம்பியை ஒரு வாய் அதிகமாகச் சாப்பிடச் சொல். நிம்மதியாகத் தூங்கு என் தங்கமே.

என்றும் உன் அக்கா,
லூர்து